கம்போஜத்து ஈசுவரபுரம்

திருவாலங்காட்டு இரத்தின சபையைத் தரிசித்தவர்களுக்கு அந்தத் திருக்கோலம் நெஞ்சை விட்டு அகலாது. ஆடல்வல்லான் திருவடி தூக்கி ஆடுகிறார். அருகே உடல் வற்றி, எலும்புகள் தெரிய, தாளமும் கையுமாய் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகிய கணத்திலேயே, அவனுக்காகச் சுமந்த அழகை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றவர் அவர். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர். தாயும் தந்தையும் இல்லாத ஈசன் 'அம்மையே' என்று அழைக்கும் பேறு பெற்றவர். அவரே காரைக்கால் அம்மையார்.

அந்தத் திருவாலங்காட்டிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்காக வங்கக் கடலையும் சயாம் நாட்டையும் கடந்து சென்றால், சுமார் 2,500 கிலோமீட்டர் தொலைவில் கம்போடியாவின் நெல்வயல்கள் எதிர்ப்படும். அவ்வயல்களின் நடுவே, செந்நிற மணற்கல்லால் ஆன ஒரு சிறிய சிவாலயம் இருக்கிறது. அதன் உட்பிராகாரக் கிழக்கு வாயிலின் முகப்பில் பத்துக் கரங்களுடன் ஈசன் ஆடுகிறார். ஒரு பக்கம் தாளவாத்தியம் முழங்குகிறது. மறுபக்கம், தளர்ந்த மார்பும் மெலிந்த உடலுமாக ஒரு பெண் திருவடியை நோக்கி அமர்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையாரே அவர் என்று அறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். கெமர் மக்களின் வேறு சில கோயில்களிலும் இதே உருவம் காணப்படுகிறது.

இந்தத் திருக்கோயில் குடமுழுக்குக் கண்ட ஆண்டு கி.பி. 967. அந்த ஆண்டை நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. தஞ்சையில் இராஜராஜன் அரியணை ஏறுவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. கங்கைகொண்ட சோழபுரத்தில் அம்மையாரோடு கூடிய ஆடல்வல்லான் சிற்பம் உருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அம்மையாரின் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார் பெருமான் அவதரித்ததோ அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான். சோழநாட்டில் செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கி, அவற்றின் கோட்டங்களில் ஆடல்வல்லானை எழுந்தருளச் செய்துகொண்டிருந்த காலம் அது. அதே நாட்களில் கீழைக்கடலுக்கு அப்பால் வேறொரு மொழி பேசிய சிற்பி ஒருவர், காரைக்காலில் பிறந்த வணிகர் குலப் பெண்ணின் முதுமையைக் கல்லில் வடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிற்பியின் நாட்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மகேந்திர பர்வதம்

கம்பு என்ற முனிவரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது கெமர் மன்னர்களின் நம்பிக்கை. கம்புஜர் என்ற பெயரும், அதன் வழியே கம்போடியா என்ற பெயரும் அதனால் வந்தவை. ஏழாம் நூற்றாண்டிலேயே அங்கே ஈசானபுரம் என்ற தலைநகர் சிவாலயங்களோடு விளங்கியது. ஆயினும் பேரரசு பிறந்த ஆண்டாக வரலாறு குறிப்பது கி.பி. 802. சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கிய இரண்டாம் ஜெயவர்மன், மகேந்திர பர்வதம் என்ற மலைமீது சைவ முறைப்படி சடங்கு செய்வித்துச் சக்கரவர்த்தியானான். இரணியதாமர் என்ற அந்தணர் அச்சடங்கை நடத்தி, நான்கு ஆகம நூல்களைச் சிவகைவல்யர் என்ற அரச குருவுக்குக் கற்பித்தார். இந்தச் செய்திகளை, பின்னர் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறிக்கப்பட்ட ஸ்தோக் காக் தோம் கல்வெட்டு வடமொழியிலும் கெமர் மொழியிலுமாக 340 வரிகளில் சொல்கிறது. ஒரு பேரரசின் இருநூற்றைம்பது ஆண்டுகால வரலாற்றை அரச பரம்பரையைக் காட்டிலும் குரு பரம்பரையை முன்வைத்துச் சொல்லும் கல்வெட்டு அது.

மகேந்திர பர்வதம் இன்று குலேன் மலை எனப்படுகிறது. அம்மலைத் தொடரில் ஓடும் ஆறுகளில்தான் கம்போஜத்தின் மிக வியப்பான வழிபாட்டைக் காணலாம். கபால் ஸ்பியான் என்னும் இடத்தில், காட்டுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறிச் சென்றால் ஆற்றுப் படுகை தெரிகிறது. படுகைப் பாறை முழுவதும் வரிசை வரிசையாகச் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே அனந்தசயனத்தில் திருமால். அவர் உந்தித் தாமரையில் நான்முகன். பதினோராம் நூற்றாண்டில், முதலாம் சூரியவர்மனின் காலத்திலும் அவனுக்குப் பின்னும் இவை வடிக்கப்பட்டன. மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது ஆயிரம் லிங்கங்களும் நீருக்குள் மறைந்துவிடும்.

காணாத தெய்வத்துக்கு எதற்கு இத்தனை உழைப்பு என்று கேட்கத் தோன்றும். ஆற்றைத் தடுத்து நிறுத்தாமல், அதன் வழியிலேயே சிவத்தை வைத்துவிட்டார்கள். மலையிலிருந்து இறங்கும் நீர் சிவலிங்கங்களின் மீது தவழ்ந்து, திருமாலின் திருமேனியை நனைத்துச் சமவெளி நோக்கி ஓடுகிறது. கீழே நெல் விளையும் நாட்டுக்குப் போய்ச் சேருவது வெறும் தண்ணீர் அன்று, அபிஷேக தீர்த்தம். நம் ஊர்க் கோயில்களில் கோமுகியில் வழியும் நீரை ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளும் முதியோருக்கு இந்த எண்ணத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த நீரைத் தேக்கிய ஏரிகளும் கோயில்களுக்கு நிகரான திருப்பணிகளே. கிழக்கு ஏரி ஏழரைக் கிலோமீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் யசோவர்மன் வெட்டுவித்தது. பதினோராம் நூற்றாண்டில் அமைந்த மேற்கு ஏரி அதைவிடப் பெரிது. எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள அதில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அதன் நடுவேயுள்ள தீவில் வெண்கலத்தால் ஆன பள்ளிகொண்ட பெருமாளின் பெருந்திருமேனி ஒன்று 1936இல் துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டது. பாற்கடலில் துயில்பவருக்கு ஏரியையே பாற்கடலாக்கிய மனம் எத்தகையது!

மன்னர் பெயரும் ஈசன் பெயரும்

கெமர் மன்னர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் ஏரி வெட்டுவார்கள். அடுத்து முன்னோர் நினைவாக ஒரு கோயில் எடுப்பார்கள். பின்னர் மேருமலை போலப் படிப்படியாக உயரும் மலைக்கோயில் ஒன்றை எழுப்பி, அதன் உச்சியில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்வார்கள். அந்த லிங்கத்துக்குத் தம் பெயரையும் சேர்த்து வழங்குவார்கள். இந்திரவர்மன் 881இல் பாகோங் என்னும் மலைக்கோயிலில் நிறுவியவர் இந்திரேசுவரர். யசோவர்மனின் தெய்வம் யசோதரேசுவரர். இராஜேந்திரவர்மன் ஏரி நடுவே எழுப்பிய கோயிலில் இராஜேந்திரேசுவரர். இராஜராஜேச்சரம் என்றும் கங்கைகொண்ட சோழேச்சரம் என்றும் பெயர் கேட்டுப் பழகிய தமிழ்நாட்டாருக்கு இது புதிதன்று. அடியேன் பெயரோடு ஆண்டவன் பெயரும் நிலைக்கட்டும் என்பது பக்தியா பெருமிதமா என்ற கேள்வி இரு நாட்டிலும் உண்டு. இரண்டும்தான் என்று கொள்வது தவறாகாது.

இந்த இந்திரவர்மனின் குருவான சிவசோமர் என்பவர் பகவான் சங்கரரிடம் சாத்திரங்களைக் கற்றவர் என்று ஒரு கல்வெட்டுக் கூறுகிறது. அவர் ஆதிசங்கர பகவத்பாதரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு, உடன்படாதவர்களும் உண்டு. காலடியில் தோன்றிய ஞானச்சுடரின் பெயர் கம்போஜக் கல்லில் இருக்கக்கூடும் என்ற எண்ணமே மெய்சிலிர்க்க வைப்பது.

மன்னர்களின் பெயர் தாங்கிய இத்தனை லிங்கங்களுக்கு நடுவில்தான், தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிறிய கோயில் தனித்து நிற்கிறது. அதை எடுப்பித்தவர் அரசர் அல்லர். அவர் பெயர் யக்ஞவராகர். அரச குலத்துத் தொடர்பு உடையவர். முதலாம் ஹர்ஷவர்மனின் பேரர். இளம் வயதில் அரியணை ஏறிய ஐந்தாம் ஜெயவர்மனுக்கு ஆசிரியர். கல்வியில் சிறந்த இவர், வறுமையாலும் நோயாலும் அநீதியாலும் துன்புற்றவர்களுக்குத் துணை நின்றவர் என்று கல்வெட்டுப் புகழ்கிறது. பேரரசையே ஆட்டி வைக்கும் இடத்தில் இருந்த ஒருவர் தம் லிங்கத்துக்குத் தம் பெயரை வைத்திருக்கலாம். அவர் வைத்த பெயர் திரிபுவன மகேசுவரர். ஊருக்கு ஈசுவரபுரம் என்று பெயர்.

சிறிய கோயில்

இன்று அவ்விடம் பந்தேய் ஸ்ரேய் எனப்படுகிறது. பெண்களின் கோட்டை என்பது அதன் பொருள். நுண்மையான வேலைப்பாட்டைக் கண்டு பிற்கால மக்கள் இட்ட பெயராகலாம். அங்கோர் பெருங்கோயில்களிலிருந்து வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். வழியெங்கும் பனைமரங்கள், வீட்டு வாசலில் பனைவெல்லம் காய்ச்சி ஓலையில் பொதிந்து விற்கும் பெண்கள். தென்பாண்டிச் சீமைக்காரர் எவரும் அங்கே தம்மை அயலாராக உணர மாட்டார்கள்.

பேருருவங்களைக் கண்டுவந்த கண்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். நடுக்கோபுரம் பத்து மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை. வாயில்கள் மிகக் குறுகியவை. கருவறைக்குள் நிமிர்ந்தபடி நுழைய முடியாது. மூன்று சந்நிதிகள் ஒரே மேடைமீது வரிசையாக நிற்கின்றன. நடுவிலும் தெற்கிலும் சிவபெருமான், வடக்கில் திருமால். ஒரே மேடையில் இருவரையும் எழுந்தருளச் செய்ததில், சிதம்பரத்தின் தில்லைக் கோவிந்தராஜரை நினைவுகூராமல் இருக்க முடியாது.

நெருங்கிச் சென்ற பிறகே கல் பேசத் தொடங்குகிறது. சந்தன மரத்தில் செதுக்கியது போல விரல் அளவு இடத்தையும் வெறுமையாக விடாமல் கொடியும் பூவும் படர்ந்திருக்கின்றன. பக்கச் சந்நிதிகளின் மாடங்களில் தேவமாதர் நிற்கிறார்கள். காதில் கனத்த குழை, முகத்தில் அரும்பும் புன்னகை. நடுச்சந்நிதியில் இளைஞர்களான வாயிற்காவலர்கள்.

இக்கோயிலின் உயிர் அதன் வாயில் முகப்புகளில் இருக்கிறது. தெற்கு நூல்மண்டபத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். மலை படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கிறது. கீழே பல தலைகளும் பல கைகளுமாக இலங்கை வேந்தன். அவனைக் கண்டு சிங்கமும் யானையும் ஓடுகின்றன. அடுத்த படியில் முனிவர்கள் வியந்து கை உயர்த்துகிறார்கள். உச்சியில் உமையம்மை அஞ்சிப் பெருமானின் மார்பில் ஒட்டிக்கொள்கிறாள். பெருமானோ அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவர் விரல் மட்டும் அழுந்துகிறது. ஆளுடைய பிள்ளையார் தம் பதிகங்களின் எட்டாம் பாடல்தோறும் இராவணனின் செருக்கையும் அவன் பெற்ற அருளையும் பாடியதை அறிந்தவர்களுக்கு, இந்தக் கல்லின் முன் நிற்கையில் ஓதும் குரலும் சேர்ந்தே கேட்கும்.

அதே மண்டபத்தின் மேற்கு முகப்பில் மன்மதன் கரும்புவில்லை வளைக்கிறான். அருகே அம்மை பெருமானுக்கு ஜபமாலையை அளிக்கிறாள். எதிரே உள்ள வடக்கு நூல்மண்டபத்தில் காண்டவ வனத்துக்கு மேல் ஐராவதத்தின் மீதிருந்து இந்திரன் மழை பொழிகிறான். மழைத்தாரைகள் சாய்ந்த கோடுகளாக இறங்குகின்றன. அவற்றைத் தடுத்து அம்புகள் ஒரு பந்தலாக விரிகின்றன. மற்றொரு முகப்பில் கண்ணன் கம்சனின் தலைமுடியைப் பற்றுகிறான். மாடங்களில் அரண்மனைப் பெண்கள் பதறுகிறார்கள். வாலி சுக்கிரீவன் போர், சீதையைத் தூக்கும் விராதன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் என்று இன்னும் பல. இராமாயணத்தையும் பாரதத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் செதுக்கி, கேட்டு வளர்ந்தவர்களுக்காகவே வைத்தவை இவை. வழிகாட்டி ஒருவர் சொல்லித்தான் கதை தெரிய வேண்டும் என்ற நிலை, நம் ஊரிலிருந்து செல்லும் பாட்டிமார்களுக்கு இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே வழிகாட்டிகளாகிவிடுவார்கள்.

கிழக்கு வாயிலில் அம்மையார் அமர்ந்திருக்கும் இடத்தை மட்டும் தேடித்தான் காண வேண்டும். சிற்பம் சிறியது; முகப்பின் கீழ் ஓரத்தில் இருக்கிறது. உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் அந்த ஆடலின் கீழேதான் நுழைய வேண்டும் என்று யக்ஞவராகர் அமைத்திருக்கிறார்.

சோழரும் கம்போஜரும்

இரு நாட்டுக்கும் இடையே வந்துபோனவை கதைகள் மட்டும் அல்ல. முதலாம் இராஜேந்திர சோழனின் நட்பை நாடிய காம்போஜ மன்னன், போர்க்களங்களில் தனக்கு வெற்றி தந்த தேர் ஒன்றைச் சோழனுக்கு அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்நாளில் கம்போஜத்தை ஆண்டவன் முதலாம் சூரியவர்மன்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த பரிசோ வேறு வகையானது. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் ஒரு கல்லைக் காட்சியாக அளித்தான். அபூர்வமான அந்தக் கல்லைச் சோழ மன்னன் தன் கருவூலத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தில்லைச் சிற்றம்பலத்தில் எதிரம்பலத்தின் முன்புறத்தில் அது பதிக்கப்பட்டது. 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டு இதைக் கூறுகிறது. கம்போஜத்தில் அம்மையார் ஈசனின் ஆடலைக் கண்டுகொண்டிருக்க, கம்போஜத்துக் கல் ஒன்று தில்லையில் கூத்தப்பெருமானின் எதிரே இடம்பெற்றது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான பண்டமாற்று வேறொன்று இருக்க முடியாது.

அந்தக் கல் தில்லை சேர்ந்த காலத்தை ஒட்டித்தான், 1113இல், கம்போஜத்தில் இரண்டாம் சூரியவர்மன் முடிசூடினான். உலகமே வியக்கும் அங்கோர் வாட் அவன் எடுத்த விஷ்ணு ஆலயம். அங்கோர் என்பது நகரம் என்ற சொல்லின் திரிபு. ஏறக்குறைய 190 மீட்டர் அகலமுள்ள அகழி, 65 மீட்டர் உயரும் நடுக்கோபுரம், மேற்கு நோக்கிய வாயில் என அதன் அளவுகளைச் சொல்லி மாளாது. கிழக்குத் திருச்சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே தொடராகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாசுகியின் தலைப்பக்கம் அசுரர்கள், வால்பக்கம் தேவர்கள், நடுவே கூர்மத்தின் மேல் மந்தரம், அதை நிலைநிறுத்தும் திருமால், மேலே பறக்கும் அரம்பையர். அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆதலால் இங்கே ஒன்றை மட்டும் சொன்னால் போதும். மேற்குக் கோபுர வாயிலில் எட்டுக் கரங்களோடு மனித உயரத்தைக் காட்டிலும் பெரிய திருமால் ஒருவர் நிற்கிறார். 'தா ரீச்' என்பது உள்ளூர் மக்கள் அவருக்கு வைத்த பெயர். அங்கோரின் தெய்வங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்ட நாளிலும், இவர் முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டே இருக்கிறது. தாமரை மொட்டுகள் குவிகின்றன. புதுமணத் தம்பதியர் வந்து வணங்கிச் செல்கிறார்கள். வணங்குவோர் பௌத்தர்கள். யார் இவர் என்று வழக்காடாமல் கைகூப்புகிறார்கள்.

இழந்தவை

பேரரசு பின்னர் பௌத்தத்தின் பக்கம் திரும்பியது. 1181இல் பட்டமேற்ற ஏழாம் ஜெயவர்மன் மகாயான பௌத்தன். 102 மருத்துவச் சாலைகளை நிறுவியதாக அவன் கல்வெட்டுச் சொல்கிறது. பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நீண்ட வறட்சிகளும் இடையிடையே கடுமழைகளும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் குலைத்தன. 1431இல் அயுத்தியாவின் படை அங்கோரைக் கைப்பற்றியது. தலைநகர் தெற்கே பெயர்ந்தது. காடு உள்ளே வந்தது.

காடு கோயில்களை மூடியது, திருடவில்லை. திருடியவர்கள் மனிதர்களே. ஈசுவரபுரத்துக் கோயில் 1914இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1923இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் அங்கிருந்த தேவமாதர் சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்று பிடிபட்டார். சிற்பங்கள் மீட்கப்பட்டன. அவரே பின்னாளில் பிரான்ஸ் நாட்டின் பண்பாட்டு அமைச்சரானார் என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. 1931இலிருந்து சில ஆண்டுகள் ஹென்றி மார்ஷல் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், விழுந்து கிடந்த ஒவ்வொரு கல்லையும் அதன் இடம் கண்டு மீண்டும் அடுக்கி, இக்கோயிலை நிமிர்த்தினார். களவு செய்தவரும் திருப்பணி செய்தவரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள்.

எல்லாம் திரும்பவில்லை. திலோத்தமைக்காகச் சுந்தனும் உபசுந்தனும் போரிடும் முகப்பு இன்று பாரிஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீமனும் துரியோதனனும் பொருதும் முகப்பு புனோம் பென் அருங்காட்சியகத்தில். சந்நிதிகளின் முன் அமர்ந்த காவலர் உருவங்களின் மூலச் சிற்பங்களும் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டு, அவற்றின் படிகளே அங்கே வைக்கப்பட்டுள்ளன. 1970களில் உள்நாட்டுப் போரும் கொடுங்கோலாட்சியும் நாட்டை எரித்தபோது, கோ கேர் என்ற பழைய தலைநகரின் கோயிலில் நேருக்கு நேர் நின்ற பீமனையும் துரியோதனனையும் கணுக்காலோடு அறுத்துக் கொண்டுபோனார்கள். பாதங்கள் மட்டும் பீடத்தில் எஞ்சின. அந்தப் பாதங்களே பின்னர் சாட்சி சொல்லி, இருவரையும் 2014இல் அமெரிக்காவிலிருந்து தாயகத்துக்கு அழைத்துவந்தன. அதே ஆண்டுதான் நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரும் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியா திரும்பினார்.

கம்போஜத்தில் அந்தப் பேரரசின் பண்பாடு அடியோடு மறைந்துவிடவில்லை. நமக்குச் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்களில்தான் கெமர் மக்களுக்கும் ஆண்டு பிறக்கிறது. அரண்மனை அந்தணர்கள் முன்னின்று நடத்தும் ஏர்பூட்டு விழாவில், உழுது முடித்த காளைகளின் முன் தானியத் தட்டுகளை வைத்து, அவை எதை உண்கின்றன என்று பார்த்து விளைச்சலைக் கணிக்கிறார்கள். இராமகாதை 'ரீம்கேர்' என்ற பெயரில் ஆடப்படுகிறது. குலேன் மலை அருவியில் நீராடி, அதன் நீரைப் புனிதமென வீட்டுக்கு எடுத்துச் செல்லும் குடும்பங்களை விடுமுறை நாட்களில் காணலாம்.

யாத்திரை செல்வோருக்கு

சென்னையிலிருந்து பாங்காக், சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக சியெம் ரீப் நகரை அடையலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். கபால் ஸ்பியானில் நீரோட்டத்தோடு லிங்கங்களையும் காண விரும்புவோர் மழை ஓய்ந்த உடனே செல்வது நல்லது. அந்த மலைப்பாதை மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கடினம். அங்கோர் வாட்டின் உச்சிப் படிகளும் செங்குத்தானவை. கீழ்த்திருச்சுற்றோடு நின்றுவிட்டாலும் குறையில்லை. பந்தேய் ஸ்ரேய் சமதரை. வயதானவர்களும் மெல்ல நடந்து காணலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை எல்லாக் கோயில்களிலும் வேண்டும்.

காலையில் முதல் ஆட்களாகப் போய்விடுவது உத்தமம். கூட்டம் சேருமுன் கிழக்கு வெயில் முகப்புகளின் மீது நேரே விழும். செந்நிறக் கல் அப்போது பொன்போல ஒளிரும். உள்மேடைக்குச் செல்லாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள். திரிபுவன மகேசுவரரின் சந்நிதியில் விளக்கில்லை, மணியோசை இல்லை, அபிஷேகம் இல்லை. தேங்காய் உடைக்கவோ கற்பூரம் காட்டவோ அனுமதி கிடையாது. நம் ஊர்க் கோயிலை எண்ணிச் செல்வோருக்கு மனம் கனக்கும்.

ஆனால் உட்பிராகாரத்தின் கிழக்கு வாயில் முன் நின்று அண்ணாந்து பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. அம்மையார் அருளிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. அவற்றை மனனம் செய்த பெரியவர்கள், முன்னே வரும் கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக நின்று, உதடசையாமல் ஓதிக்கொள்ளலாம். பாடியவர் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார்.